ஒட்டாத சட்டியள்

சீட்டு இந்தமுறை எனக்கு விழுந்தது.
ஐம்பத்திரண்டாயிரம்.
அடுப்புப் பாக்கப்போறன் எண்டு மல்லாவியிலை பஸ் ஏறேக்கை
இவர் கேட்டார், "இருக்கிற அடுப்புக்கு என்ன?"
ஒருநாளாவது ஊதிப்பாத்தவர் கேக்கிற கேள்வி இல்லை அது.

கிளிநொச்சிக் கடையிலை நிரோசன் எண்ட பெடியன்
கறுப்புக் கண்ணாடியிலை கையை வைச்சுக் காட்டினான்.
"இதுக்குச் சுடத் தெரியாது அக்கா.
சட்டிதான் தானாச் சுடும்."
இண்டக்சன். தண்ணி ரெண்டு நிமிசத்திலை துள்ளினது.
நெருப்பைக் காணேல்லை.
நெருப்பைக் காணாமல் குழம்பு எப்ப அடங்கும் எண்டு
நான் ஆரைக் கேக்கிறது?
ஒண்டிலையிருந்து பத்துவரைக்கும் நம்பர் இருக்கெண்டான்.
எங்கடை வீட்டிலை சூட்டுக்கு நம்பர் இல்லை.
விறகை உள்ளுக்குத் தள்ளு, வெளியிலை இழு, அவ்வளவுதான்.

பக்கத்திலை இன்னொண்டு, இன்ஃப்ராரெட்.
எந்தச் சட்டியையும் ஏத்துக்கொள்ளும்,
மண்சட்டிக்கும் முகம் சுழிக்காது.
ஆனா நிப்பாட்டின பிறகும் கோவம் ஆறாமல்
சிவந்தபடி கிடக்கும்,
என்ரை மூத்த மச்சாள் மாதிரி.

சுருள்கம்பி ஹொட்பிளேட் எனக்குத் தெரியும்.
வவுனியாவிலை வாடகை அறையிலை இருந்து படிச்ச காலம்,
அரிசியைப் போட்டிட்டு ஒரு பாடம் முழுக்க வாசிக்கலாம்.
இஞ்சை அதுவும் சரிவராது.
பின்வளவுச் செல்வரூபன் கச்சானுக்கு மோட்டர் போட்டால்
எங்கடை பல்ப் பப்பாசிப்பழ நிறத்துக்கு வரும்.

மண்ணெண்ணெய்க் குக்கரைப் பற்றி ஒரே வசனம்:
தேத்தண்ணியும் மணக்கும்.

காஸ் நல்லது. திருகினால் பூக்கும், திருகினால் குறையும்.
காத்தடிச்சால் அணையும். சொல்லாமல் முடியும்,
விருந்தாள் வந்த அண்டைக்கெண்டு பாத்து முடியும்.
வெறுஞ்சிலிண்டரோடை வரிசையிலை
இரவிரவாய்க் காவல் இருந்த வருசத்தை ஆர் மறந்தது?
அந்த வருசம் பாலை விறகு
ஒருநாளும் எங்களை வரிசையிலை நிக்கச் சொல்லேல்லை.
அதுக்காக அதை மெச்சவும் ஏலாது.
அடிக்கரி, கூரைக்கரி, என்ரை இருமல்.
மாரியிலை ஈரவிறகு அழும், நானும் அழுவன்,
இவர் வந்து என்ன நடந்தது எண்டு கேப்பார்.

போக வெளிக்கிட, நிரோசன் ஒரு வட்டக் காந்தம் தந்தான்,
பழைய ஸ்பீக்கர் ஒண்டிலை கழட்டினது.
"வீட்டை போய்ச் சட்டியளிலை வைச்சுப் பாருங்கோ.
ஒட்டினால் இண்டக்சன் எடுக்கலாம்."

பானையள் எல்லாம் முகத்தைத் திருப்பிச்சுதுகள்.
திரும்பி வந்து குடியேறேக்கை நிவாரணத்திலை தந்த
அலுமினியப் பானை ரெண்டும், புட்டுப்பானை, பால்சட்டி,
ஒண்டும் ஒட்டேல்லை.
தோசைக்கல் மட்டும் விடமாட்டன் எண்டு பிடிச்சுது.
ஒரு தோசைக்கல்லை நம்பி முப்பதாயிரம் குடுக்கேலுமே?

காந்தத்தை மகன் யதுர்சன் பறிச்சான்,
நூலிலை கட்டி வளவெல்லாம் இழுத்துக்கொண்டு திரிஞ்சான்.
பொழுதுபட வந்து காட்டினான்.
மயிர் முளைச்ச மாதிரி இரும்புத்தூள்,
ஒரு வளைஞ்ச ஆணி,
விளிம்பு கிழிஞ்ச துண்டுகள் ஆறேழு,
என்ரை சுண்டுவிரல் நகமளவு, சிலது பெரிசு.
"அம்மா, இதெல்லாம் நல்லா ஒட்டுது. இதென்ன?"
"இரும்பு" எண்டன்.
"என்னத்தின்ரை இரும்பு?"
உலை கொதிச்சுக்கொண்டிருந்தது.
அரிசி போடவேணும் எண்டு உள்ளை வந்திட்டன்.
இவர்தான் அதுகளை ஒவ்வொண்டாய்க் கழட்டி
பால்மாப் பேணியிலை போட்டு மூடினார்.
பழைய இரும்புக்காரன் வந்தால் குடுத்திடாதை எண்டார்.
ஏன் எண்டு நான் கேக்கேல்லை.

காஸ்தான் வாங்கினன், ரெண்டு வாய்.
வெளிக்கொட்டிலிலை மூண்டு கல்லும் அப்பிடியே இருக்கு,
மீன்குழம்புக்கும், காஸ் முடியிற அண்டைக்கும்.
எதிலை கொதிச்சதெண்டு தண்ணிக்குத் தெரியாது எண்டன்.
பிளேன்ரீக்குத் தெரியும் எண்டார் இவர்,
குடிச்சு முடிச்ச கோப்பையை நீட்டி.

காந்தம் இப்ப சிலிண்டரிலை ஒட்டியிருக்கு,
மாத்தின திகதி எழுதின துண்டைப் பிடிச்சுக்கொண்டு.